லீஸ் காரைத் திருப்பிக் கொடுத்த வெள்ளிக்கிழமை

“லீஸ்காரங்க எதைப் பிடிச்சாலும் டிரைவர் கணக்குல எழுதிடும்மா” என்றார் முதலாளி. சொல்லிவிட்டு, என் மேஜையில் சாம்பிளுக்கு வைத்திருந்த நிலக்கடலைப் பருப்பில் நாலைந்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் அவர் சம்பளம் கொடுக்கிறவர், நான் வாங்குகிறவள். அதனால் கோபத்தைப் பேனா மூடியிடம் காட்டினேன். அந்த மூடியில் என் பல் படாத இடம் அப்போதே கிடையாது.

திருவண்ணாமலையில் வேலூர் ரோட்டோரம் இருந்தது எங்கள் கம்பெனி. கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து வரும் நிலக்கடலையை உடைத்து, பெண்களை உட்கார வைத்துப் பொறுக்கி, மூட்டை பிடித்துச் சென்னைக்கு அனுப்புவோம். கம்பெனி என்று சொல்வது பெயருக்குத்தான். ஒரு கொட்டகை, ஒரு முற்றம், இரண்டு அறை, ஒரு ஃபோன். கணக்கு, கடிதம், பேங்க், அந்த ஃபோன் எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் ஒருத்தி. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் எங்கள் ஆடிட்டர் முதலாளியிடம், “காரைச் சொந்தமா வாங்காதீங்க, லீஸுக்கு எடுங்க, வரியில கம்மியாகும்” என்று ஓதிவிட்டார். வரி குறையும் என்றால் முதலாளி யானையைக்கூட லீஸுக்கு எடுத்திருப்பார். அப்படித்தான் வேலூரில் கிளை வைத்திருந்த ஒரு லீஸ் கம்பெனியிடமிருந்து மூன்று வருடத் தவணைக்கு ஒரு வெள்ளை கார் வந்தது. முன்பணமாக ஒரு தொகையை அவர்களிடம் கட்டி வைத்திருந்தோம். காரைத் திருப்பிக் கொடுக்கும்போது, சேதம் ஏதாவது இருந்தால் அதிலிருந்து பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள்.

அந்தக் காரை ஓட்டியவர் அடி அண்ணாமலைக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். காருக்குள் பிள்ளையார் இருக்கிறார் என்பதால் செருப்பைக் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். பௌர்ணமி வந்தால் ஊருக்குள் கார் நகர முடியாது, ஜனம் மலையைச் சுற்றிக்கொண்டிருக்கும். அன்று மட்டும் அவர் லீவு போட்டுவிட்டு, வீட்டு வாசலில் மனைவி போடும் மோர்க் கடையில் சொம்பு கழுவுவார். லீஸ் முடிந்ததும் முதலாளி சொந்தக் கார் வாங்குவதாகவும், அதை மகனே ஓட்டப்போவதாகவும் முடிவாகிவிட்டது. அதனால் காரோடு டிரைவர் வேலையும் முடிந்தது. அவருக்குச் சேரவேண்டிய கணக்குப் பணத்தை வைத்து ஒரு பழைய ஷேர் ஆட்டோவுக்குப் பேசி வைத்திருந்தார். கீழ்பென்னாத்தூருக்கும் டவுனுக்கும் இடையில் ஓட்டப்போகிறார். விற்கிறவன் மாதக் கடைசி வரைதான் பொறுப்பேன் என்று சொல்லியிருந்தான்.

அந்தப் பணத்தில்தான் முதலாளி கை வைக்கச் சொன்னார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் லீஸ் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். பொடி எழுத்து, இங்கிலீஷ். ஒரு வரிக்கு இரண்டு முறை அகராதியைப் புரட்டவேண்டியிருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் கம்பெனி சார்பில் அதில் கையெழுத்துப் போட்டவளே நான்தான். படித்துப் பார்த்தது அன்றுதான் முதல் முறை. ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி கிடைத்தது: ‘நியாயமான தேய்மானம் நீங்கலாக’. அதன் கீழே பென்சிலால் இரண்டு கோடு போட்டேன். பிறகுதான் பசித்தது.

கார் எடுத்த நாளைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. அது ஒரு வியாழக்கிழமை. வியாழனன்று ஒன்றரை மணிக்கு ராகு காலம். வேலூரில் அவர்கள் காகிதங்களைத் தயார் செய்வதற்குள் மணி ஒன்றேகால் ஆகிவிட்டது. முதலாளி அந்த ஆபீஸுக்கே ஃபோன் பண்ணி என்னிடம், “ஒண்ணரைக்குள்ள வண்டி கேட்டைத் தாண்டலைன்னா, நீயும் வராத, வண்டியும் வர வேணாம்” என்று கத்தினார். லீஸ் கம்பெனியின் மேனேஜர் இந்த விஷயத்தில் அவருக்கு ஒரு படி மேல். நெற்றி நிறைய விபூதி, கையில் ஐந்து நிமிடம் முன்னால் ஓடும் கடிகாரம். ராகு காலம் தவறிப்போய்க்கூடத் தன்னைத் தொட்டுவிடக் கூடாது என்றே அப்படி வைத்திருப்பாராம். காரில் எங்கெங்கே கீறல், என்னென்ன சாமான் என்று குறிக்கும் ஒரு தாளை நீட்டினார். எல்லாக் கட்டமும் காலி. “கையெழுத்துப் போட்டுடுங்க மேடம், நாங்க அப்புறம் ஃபில் பண்ணிக்கிறோம்.” போட்டேன். பூஜைக்குத் தட்டைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. மேனேஜர் கற்பூரத்தை அப்படியே பானெட் மேல் வைத்துக் கொளுத்தினார். டிரைவர் “ஐயோ சார்” என்றார். மேனேஜர் “பாலிஷ் போட்டா போயிடும்பா” என்றார். எலுமிச்சம்பழம் நசுங்கியது, கார் கேட்டைத் தாண்டியது, மணி ஒன்று இருபத்தெட்டு. எல்லோருக்கும் திருப்தி. பாலிஷ் போட்டும் அந்த வட்டம் போகவில்லை.

திருப்பிக் கொடுக்கப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் கிளம்பி, டிரைவரும் நானுமாக வேலூர் போய்ச் சேர்ந்தபோது பத்தாகிவிட்டது. அவர்கள் யார்டில் வேப்பமரத்தடியில் காரை நிறுத்தினோம். சூப்பர்வைசர் ஒரு அட்டையோடு வந்து காரை ஒரு சுற்று சுற்றினார். கோயிலில் பிராகாரம் சுற்றுகிறவர்கள்கூட அங்கங்கே நிற்பார்கள். இவர் எங்கும் நிற்கவில்லை. சுற்றி முடித்துவிட்டுக் கொடுத்த பட்டியலில் ஏழு வரி இருந்தது.

பானெட் பெயின்ட் கருகல், முழுவதும் புதிதாக அடிக்கவேண்டும். டிரைவர் சீட் துணி நைந்திருக்கிறது. பெடல் ரப்பர் தேய்ந்திருக்கிறது. டேஷ்போர்டில் பசைக் கறை, மாற்றவேண்டும். கதவுகளில் மஞ்சள், குங்குமக் கறை. ஜாக்கியும் ஸ்பேனரும் இல்லை. கடைசியாக, இடது பின்கதவு நெளிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை. கீழே கூட்டிய தொகையைப் பார்த்தேன். ஷேர் ஆட்டோ போய்விட்டது.

டிரைவர் என் தோளுக்குப் பின்னால் நின்று அதே எண்ணைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த ஏழில் ஆறு அநியாயம். ஏழாவது அநியாயம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தக் கதவை நெளித்தவள் நான்.

லீஸின் இரண்டாம் வருடம் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது. டிரைவரை நச்சரித்தேன். பேங்க் வேலை முடிந்து திரும்பும் மத்தியான வேளைகளில், அடி அண்ணாமலைப் பக்கம் ஆள் இல்லாத பாதையில் ஸ்டீயரிங்கை என்னிடம் கொடுப்பார். பத்துப் பதினைந்து நாள் நன்றாகத்தான் ஓட்டினேன். ஒருநாள் ரிவர்ஸ் எடுக்கும்போது அவர் “நில்லுங்க, நில்லுங்க” என்று சொல்லச் சொல்ல, பழைய கல் மண்டபத்தின் தூணில் கொண்டுபோய் விட்டேன். லைசென்ஸ் கிடையாது, ஆபீஸ் வண்டி, ஆபீஸ் நேரம். டிரைவர் இறங்கிப் பார்த்தார். “பரவால்ல மேடம், நான் பாத்துக்கிறேன்” என்றார். முதலாளியிடம் தானே இடித்துவிட்டதாகச் சொன்னார். முதலாளி அவரை முற்றத்தில், கடலை பொறுக்கும் பெண்கள் அத்தனை பேர் முன்னால் நிறுத்தி வைத்து, “கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?” என்று ஆரம்பித்துக் கால் மணி நேரம் திட்டினார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் பில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரே பில்லை மூன்று முறை எழுதினேன். எழுந்து போகவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை. அதற்குப் பிறகு காரை நான் தொடவில்லை. அந்தப் பேச்சையும் நாங்கள் இருவரும் எடுக்கவில்லை.

“மேடம், இதுல ஒரு கையெழுத்து” என்று மேனேஜர் பட்டியலை நீட்டினார். அதே விபூதி, அதே கடிகாரம். “சீக்கிரம் போட்டுடுங்க. பத்தரைக்கு ராகு காலம் வந்துடும். அதுக்குள்ள சாவியையும் வாங்கிக்கிறேன்.”

பேனாவைத் திறந்துவிட்டேன், அதுதான் வேடிக்கை. பழக்க தோஷம். ராகு காலம் என்ற சொல் காதில் விழுந்ததும் கை தானாகப் பேனாவைத் திறந்துவிட்டது. அப்போதுதான் அந்தக் காலிக் கட்டங்கள் ஞாபகத்துக்கு வந்தன. இந்த மனுஷர் மூன்று வருடத்துக்கு முன்னால் என்னை எப்படி அவசரப்படுத்தினாரோ, அப்படியேதான் இன்றும் அவசரப்படுத்துகிறார். அவசரம் எப்போதும் என்னுடையதாகவே இருக்கிறது. அவருடையதாக ஒருநாளும் இல்லை.

பேனாவை மூடினேன். “தண்ணி கிடைக்குமா சார்?” என்றேன்.

தண்ணீர் வந்தது. நிதானமாகக் குடித்தேன். பத்திரத்தைப் பையிலிருந்து எடுத்தேன், கண்ணாடியைத் துடைத்தேன், முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். “மேடம், டைம் ஆகுது.” “ஆகட்டும் சார்.” நான் மூன்றாம் பக்கம் புரட்டும்போது அவர் கடிகாரத்தில் பத்தரை ஆனது. பெருமூச்சு விட்டுப் பட்டியலை எதிரே வைத்தார். இனிப் பன்னிரண்டு மணி வரை அவர் சாவியை வாங்கமாட்டார், கையெழுத்துப் போடமாட்டார், யாரிடமும் போடச் சொல்லவும் மாட்டார். ஒன்றரை மணி நேரம் அவர் வேறு எங்கும் போக முடியாது. எனக்கு அது போதும்.

“பன்னெண்டு வரைக்கும் சும்மாதானே சார் இருக்கோம். வாங்க, வண்டியைப் பார்ப்போம்” என்றேன்.

“அதான் சூப்பர்வைசர் பார்த்தாச்சே மேடம்.”

“அவர் வண்டியைப் பார்க்கலை, சுத்தினார். வாங்க.”

டிரைவர் சீட்டில் ஆரம்பித்தேன். துணி நைந்திருந்தது உண்மைதான். பத்திரத்தில் பென்சில் கோடு போட்ட வரியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். “மூணு வருஷம் ஒரு மனுஷர் உட்கார்ந்து எழுந்திருக்கார். நையாம இன்னா பண்ணும்? உள்ள உங்க நாற்காலியைப் பார்த்தேன் சார். ரெக்ஸின் கிழிஞ்சு, துண்டு போட்டு மூடி வெச்சிருக்கீங்க. உங்க கம்பெனி உங்க சம்பளத்துலயா பிடிச்சது?” சூப்பர்வைசர் சிரிப்பை அடக்க மரத்தைப் பார்த்தார். பெடல் ரப்பரும் அதே வரியில் போனது. மிதிக்கத்தான் பெடல். மூன்று வருடம் மிதித்தால் தேயும், மிதிக்காமல் வைத்திருந்தால்தான் நாங்கள் பணம் கட்ட வேண்டும் என்றேன். கொஞ்சம் அதிகப் பேச்சுதான். எனக்கு வாய் சூடேறினால் நிற்காது.

ஜாக்கி இல்லை என்ற வரிக்கு நான் வாயே திறக்கவில்லை. டிரைவர் பின்சீட்டைத் தூக்கினார். அடியில் கடலைச் சாக்கில் சுற்றி, கயிறு கட்டி ஜாக்கியும் ஸ்பேனரும் இருந்தன. பள்ளத்தில் இறங்கும்போது சத்தம் போடக் கூடாது என்று அப்படிக் கட்டி வைத்திருந்தார். அவிழ்த்தபோது சாக்கிலிருந்து பத்து நிலக்கடலை உதிர்ந்தது. கறை என்று எழுதிய மஞ்சளும் குங்குமமும் ஆயுத பூஜைக்கு வைத்தது. டிரைவர் துண்டின் நுனியை நனைத்து நாலு தேய்ப்புத் தேய்த்தார். போய்விட்டது. சூப்பர்வைசர் தானாகவே இரண்டு வரியையும் அடித்தார்.

டேஷ்போர்டுப் பசைக்குத்தான் மேனேஜர் கொஞ்சம் முரண்டு பிடித்தார். “பிள்ளையாரை ஒட்டினது உங்க டிரைவர் மேடம். அதைப் பிச்சு எடுத்ததும் அவர்தான். பக்தியை நான் தப்பு சொல்லலை. ஆனா டேஷ்போர்டு போச்சே.”

டிரைவர் சட்டைப் பையிலிருந்து அந்தப் பிள்ளையாரை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். அடிப்பாகத்தில் அந்த லீஸ் கம்பெனியின் பெயர் அச்சடித்திருந்தது. வண்டி கொடுக்கும்போது அவர்களே அன்பளிப்பாக ஒட்டிக் கொடுக்கிற பிள்ளையார். “நான் ஒட்டலை சார், நீங்கதான்” என்று மட்டும் சொன்னார். மறுபடி துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் விசில் அடிக்கவேண்டும்போல இருந்தது.

பானெட் பாக்கி. பெரிய தொகையே அதில்தான். “கற்பூரம் வெச்சது நீங்க சார்” என்றேன். மேனேஜர் மறுத்தார். தான் எப்போதும் தட்டில்தான் வைப்பதாகச் சொன்னார். பிறகு மேஜையறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து வந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் நான் கையெழுத்துப் போட்ட தாள். காலியாக இருந்த எல்லாக் கட்டத்திலும் இப்போது ‘நன்று, நன்று, நன்று’ என்று எழுதியிருந்தது. பானெட்டுக்கு எதிரேயும் நன்று. கீழே என் கையெழுத்து.

காலித் தாளில் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? படித்தவள், கம்பெனிக் கணக்கு பார்க்கிறவள். அழுதுவிடக் கூடாது என்று வேறு பக்கம் திரும்பினேன். திரும்பியதால்தான் பார்த்தேன்.

யார்டில் எங்களைப்போலத் திருப்பிக் கொடுத்த கார்கள் வரிசையாக நின்றன. வெயில் நேராக அடித்தது. பக்கத்துக் காரின் பானெட்டில் ஒரு வட்டம். அதற்கடுத்த நீலக் காரில் ஒரு வட்டம். நான் நடந்தேன். டிரைவரும் கூடவே நடந்தார். எல்லாம் ஒரே இடம்: நடுவில், கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி. ஆள் நின்று குனிந்தால் கை எட்டும் தூரம். பதினோரு கார் நின்றது, ஒன்பதில் அந்தக் கருப்புப் பொட்டு. ஊர் ஊராகப் போன கார்கள், வெவ்வேறு டிரைவர்கள் ஓட்டிய கார்கள், பொட்டு வைத்த கை மட்டும் ஒன்று.

“சார்!” என்று நான் கூப்பிட்டது ரோடு வரை கேட்டிருக்கும். “இங்க வாங்க சார். இத்தனை வண்டியிலயும் எங்க டிரைவரா வந்து கொளுத்தினார்?”

மேனேஜர் வருவதற்கு முன்னால் இன்னொருவர் வந்துவிட்டார். குடியாத்தத்துக்காரர், டாக்டர். புதுக் கார் எடுக்க மனைவியோடு வந்து, ராகு காலம் முடிய நிழலில் காத்திருந்தவர். எங்கள் பேச்சை அவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்தார்போல. அவரும் வரிசையாக ஒவ்வொரு பானெட்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு மேனேஜரிடம் மெதுவாகச் சொன்னார்: “எனக்குக் கற்பூரம் தட்டுல காட்டினா போதும் சார். அப்புறம், அந்த செக்லிஸ்ட்டை இப்பவே குடுங்க. நான் ஒவ்வொண்ணா பார்த்து எழுதறேன்.”

மேனேஜர் முகம் வாடிவிட்டது. எனக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. அந்த மனுஷர் கெட்டவர் இல்லை. வண்டி நன்றாக ஓடவேண்டும் என்றுதான் ஒவ்வொன்றுக்கும் சாமி கும்பிட்டார். மூன்று வருடம் கழித்து அந்தப் பூஜைக்கே பில் போட்டதுதான் தாங்கவில்லை. “பானெட்டை எடுத்துடுப்பா” என்று சூப்பர்வைசரிடம் சொன்னார்.

ஒரு வரிதான் மிச்சம்.

“இது தேய்மானம் இல்லை மேடம்” என்றார் மேனேஜர், பின்கதவின் நெளிசலைத் தடவியபடி. குரலில் கொஞ்சம் தெம்பு திரும்பியிருந்தது. “இது இடிச்சது.”

வெட்கத்தோடு சொல்கிறேன், அதற்கும் நான் வாதாடினேன். ரோட்டில் ஓடும் வண்டிக்கு இந்தச் சின்ன நெளிசல் சகஜம்தான், இதுவும் நியாயமான தேய்மானத்தில் சேரும் என்றேன். அதே வரியை மறுபடி காட்டினேன். அதுவரை நிமிர்ந்து நின்ற என் குரல் இந்த வரிக்கு மட்டும் தணிந்துவிட்டது. மேனேஜர் என்னோடு பேசுவதை விட்டுவிட்டு டிரைவரிடம் திரும்பினார். “எப்படிப்பா ஆச்சு?”

“நான்தான் சார், ரிவர்ஸ்ல விட்டுட்டேன்” என்றார் டிரைவர்.

கேட்ட மாத்திரத்தில் சொன்னார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சூப்பர்வைசர் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘டிரைவரின் கவனக்குறைவு’ என்று எழுத ஆரம்பித்தார். இந்தத் தாள் முதலாளி மேஜைக்குப் போகும். இந்த ஒரு தொகையே போதும், ஆட்டோவுக்கு முன்பணம் துண்டு விழும். காலையிலிருந்து யாருக்காக இவ்வளவு கத்தினேனோ, அவர் பணத்தை நான் என் வாயை மூடிக்கொண்டே எடுத்துக்கொள்ளப்போகிறேன். லீஸ் கம்பெனி செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

“அதை அடிங்க” என்றேன். “இடிச்சது அவர் இல்லை. நான். வண்டி கத்துக்கும்போது இடிச்சேன். என் பேரை எழுதுங்க. தொகை சரிதான், பிடிச்சுக்கோங்க.”

டிரைவர் “மேடம்” என்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு அடித்ததும், பெயர் எழுதிய இடத்தையும் அடித்த ஆறு வரிகளையும் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். சாவி கை மாறியது.

திரும்பி வரும்போது பஸ்தான். போளூர் தாண்டியதும் நான்தான் கேட்டேன், “ஏன்ணா, ஒண்ணரை வருஷமா ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லலையே. கோவமே வரலையா?”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார், “நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன் மேடம்.”

அவ்வளவுதான். குத்திக்காட்டும் குரலும் இல்லை, மன்னித்துவிட்ட குரலும் இல்லை. வெறுமனே நடந்ததைச் சொன்னார். நான் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கடித்தேன். காலையிலிருந்து அத்தனை பேச்சுப் பேசிய வாய்.

கம்பெனிக்கு வந்து சேர்ந்தபோது மூன்று மணிக்கு மேலிருக்கும். முற்றத்தில் பெண்கள் முறத்தில் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். முதலாளி மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன். அடித்திருந்த வரிகளைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. “ஒண்ணுதான் நிக்குது! கில்லாடிம்மா நீ. சரி, இது அவன் இடிச்சதுதானே, அவன் கணக்குலயே...”

“இல்லைங்க. பேரைப் பாருங்க.”

பார்த்தார். மறுபடி பார்த்தார். “இன்னாம்மா இது?” என்றார் தணிந்த குரலில். சுற்றி இருந்த பெண்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “உள்ள வா, பேசிக்கலாம்” என்றார்.

“இல்லைங்க” என்றேன். நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. “அன்னிக்கு அவரை இங்கதான் நிக்க வெச்சுத் திட்டினீங்க. என்னையும் இங்கயே திட்டுங்க. இவங்க எல்லாரும் கேக்கட்டும். என் சம்பளத்துல பிடிச்சுக்கோங்க.”

முறங்கள் நின்றன. முதலாளி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு திட்ட ஆரம்பித்தார். சும்மா சொல்லக் கூடாது, குறை வைக்காமல் திட்டினார். லைசென்ஸ், நம்பிக்கை, ஆபீஸ் நேரம் என்று ஒன்றையும் விடவில்லை. நான் தலையைக் குனியாமல் கேட்டேன். டிரைவர் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று முழுவதையும் கேட்டார். குறுக்கே வந்து எனக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலாளி முடித்து மூச்சு வாங்கிய பிறகுதான், தன் கணக்குப் பணத்தை முழுதாக வாங்கிக்கொள்ள என் அறைக்கு வந்தார்.